அறுபத்திரண்டு முதல் எழுபத்திரண்டு வரை

மைதீன் அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது சண்முகநாதன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள உங்க ஆளுங்க எழுத்து கெடக்கு. வந்து பாருங்க."

"என் ஆளுங்களா? அது யாருலே?"

"கம்பி மேல காக்கா உக்காந்த மாதிரி எழுதுவீங்கள்ளா, அந்த ஆளுங்க."

சண்முகநாதன் அவசரமாக வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். மைதீனுக்கு வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை. எந்த வீட்டை இடித்தாலும் கதவு, நிலை, கட்டில் எல்லாம் முதலில் அவன் வண்டியில்தான் ஏறும். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் வெள்ளைக்காரன் கட்டிய பங்களா ஒன்றை, புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் கணேசமூர்த்தி ரிசார்ட் ஆக்குவதற்காக வாங்கியிருந்தார். அங்கே கிடந்த மரச்சாமான்களை மைதீன் மொத்தமாக எடுத்திருந்தான். அதில் ஒன்று இந்த பியானோ ஸ்டூல். உட்காருகிற பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. பெட்டிக்குள் கரையான் புற்று. புற்றுக்கு நடுவே காகிதக் கட்டு.

மேல் தாளைத் துடைத்துப் படித்தார் சண்முகநாதன். இ. கில்பிரைட். குற்றாலம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு. பியானோவுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்கும்.

"தேறுமா அண்ணாச்சி? இல்ல, எடைக்குப் போட்டுரவா?"

"எடைக்குப் போட்டேன்னா உன்னையும் சேத்துப் போட்டுருவேன்."

சண்முகநாதனுக்கு அப்போது அறுபது வயது. முப்பத்தோரு வருஷம் சென்னை சினிமா ஸ்டுடியோக்களில் வயோலா வாசித்துவிட்டு, கம்ப்யூட்டர் வந்து வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் தென்காசிக்குத் திரும்பியவர். வயோலா என்றால் தென்காசியில் யாருக்கும் தெரியாது. சென்னையிலும் ஸ்டுடியோ வாசலைத் தாண்டினால் தெரியாது. வயலினைவிட ஒரு சுற்றுப் பெரியது, குரல் ஒரு படி கனம். மேலே வயலின் பறக்கும், கீழே செல்லோ உறுமும், நடுவில் வயோலா என்ன செய்கிறது என்று கேட்டால் வாசிக்கிறவனே கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்தின் டைட்டிலில் இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: குழுவினர்.

வாசிப்பு இல்லாத நாட்களில் அவர் காப்பி எழுதுவார். இசையமைப்பாளர் அவசரத்தில் கிறுக்கித் தரும் முழுத்தாளிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதிக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரு தர்மம் உண்டு. பிழை கண்ணில் பட்டால் திருத்திவிட வேண்டும். எங்காவது ஒரு கட்டம் வெறுமையாக விட்டுப் போயிருந்தால் முன்னும் பின்னும் பார்த்து நிரப்பிவிட வேண்டும். எதைத் திருத்தினோம், எதை நிரப்பினோம் என்று மூச்சு விடக் கூடாது. வாசிக்கிறவன் முன்னால் சுத்தமான தாள்தான் போக வேண்டும். வாசித்துக் கேட்டு நன்றாக இருந்தால் அது இசையமைப்பாளருடையது. நன்றாக இல்லாவிட்டால் காப்பி எழுதினவன் தப்பு.

இந்தத் தர்மத்தில்தான் பின்னால் அவர் தலை உருண்டது.

ஒரு வாரம் தூரிகை வைத்துக் கரையான் மண்ணைத் தட்டினார். மனைவி வடிவாம்பாள் சாப்பாட்டு மேஜையை அவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கோடம்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் பழக்கம்.

"அப்படி என்னத்த எழுதியிருக்கான் அந்த வெள்ளைக்காரன்?"

"வெள்ளைக்காரன்னு சொல்லாத. அயர்லாந்துக்காரன். இங்கிலீஷ்காரனைக் கண்டா அவனுக்கும் ஆகாது."

"சரி, அவன் என்னத்த எழுதியிருக்கான்?"

"ஒரு அறைக்குள்ள அஞ்சு பேர் உக்காந்து வாசிக்கிற சங்கீதம். ரொமான்டிக் காலத்துப் பாணி."

"ரொமான்டிக்கா? அறுபது வயசுல, கரையானுக்கு நடுவுல? நல்லாத்தான் இருக்கு."

ஐந்து பேரில் நான்கு பேருடைய தாள்கள் பிழைத்திருந்தன. இரண்டு வயலின், செல்லோ, பியானோ. ஓரம் அரித்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஐந்தாவதாக வயோலா. அதில் முதல் பகுதி மட்டும் இருந்தது. இரண்டாம் பகுதியின் தலைப்பு இருந்தது, இரண்டு வரி இருந்தது. அதற்குக் கீழே சல்லடை.

"பாத்தியா வடிவு, கரையானுக்குக்கூட வயோலாதான் எளக்காரம்."

ஃபோனில் தேடித் தேடி அந்தக் கில்பிரைட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டார். எட்மண்ட் கில்பிரைட். அயர்லாந்தில் கார்க் ஊர்க்காரர். ஜெர்மனியில் பியானோ படித்தார். நுரையீரலில் நோய். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த அண்ணன், இங்கே காற்று நல்லது என்று வரச்சொல்ல, குற்றாலத்துக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் முப்பத்திரண்டு வயதில் செத்துப்போனார். நான்கு பாட்டும் ஒரு சின்ன உருப்படியும் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி உலகத்தில் அக்கறைப்பட்ட ஒரே ஆள் டப்ளினில் இருக்கும் டாக்டர் மேவ் கார்வி என்ற பேராசிரியை. பதினைந்து வருஷமாக அந்தச் செத்த மனிதனைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாளுக்கு உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வயோலா இல்லாமல் அனுப்ப மனசு ஒப்பவில்லை.

எட்டு மாதம் உட்கார்ந்தார். மற்ற நால்வரும் வாசிக்கிற இடங்களில் வேலை கடினம், ஆனால் வழி இருந்தது. இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் நடுச்சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று கொத்தனாருக்குத் தெரியாதா? அப்படி நிரப்பிக்கொண்டே போனவர், இரண்டாம் பகுதியின் நடுவில் வந்து நின்றார்.

முதல் வயலின் தாளில் ஒரு கனத்த கோடு, மேலே பதினொன்று என்று எண். பதினோரு பார் சும்மா இரு என்று அர்த்தம். கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு பார். இரண்டாம் வயலினை எடுத்தார். அங்கேயும் அதே இடத்தில் பதினொன்று. செல்லோவிலும் பதினொன்று. பியானோவிலும் பதினொன்று. அறுபத்திரண்டாவது பாரிலிருந்து எழுபத்திரண்டாவது பார் வரைக்கும் நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் பதினோரு பாரும் வயோலா தனியாக வாசிக்கிறது!

சண்முகநாதன் எழுந்து சிற்றாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தார். வயோலாவைத் தனியாகப் பேசவிட்ட ஒரு புண்ணியவான் குற்றாலத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவன் என்ன எழுதினான் என்பது கரையானுக்குத்தான் தெரியும்.

பத்து நாள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தார். பதினோராம் நாள் நிரப்பினார். எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். வடிவாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு பழைய வழக்கப்படி ஐந்து பேருக்கும் முத்து முத்தாகத் தனித்தாள் எழுதி, அசல் தாள்களின் படங்களோடு டப்ளினுக்கு அனுப்பினார்.

கார்வி அம்மாள் அடுத்த நாளே பதில் போட்டாள். படங்களை அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தாள். மூன்றாவது கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. வயோலாவின் இரண்டாம் பகுதி முதல் அசல் தாளின் படம் இல்லையே?

"அசல் கரையானால் சேதமாகிவிட்டது. நான் எழுதிய சுத்தப் பிரதியை அனுப்பியிருக்கிறேன்" என்று பதில் எழுதினார் சண்முகநாதன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையும் இல்லை. சேதத்துக்கு முன்னால் பார்த்து எழுதினாரா, பின்னால் எழுதினாரா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினைந்து வருஷம் பசியோடு இருந்தவளுக்கு இலையில் விழுந்ததைக் கிளறிப் பார்க்க மனசு வரவில்லை. இவரும் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் அதுதான் வழக்கம். முதலில் வாசித்துக் காட்டு, கேட்டுத் தலையாட்டட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலிலேயே சொன்னால் எவன் கேட்பான்?

போன வருஷம் ஒலித்தட்டு வந்தது. அயர்லாந்தில் ஐந்து பேர் வாசித்திருந்தார்கள். பத்திரிகைகள் ஆகா என்றன. அதிலும் இரண்டாம் பகுதியில் வயோலா தனித்துப் பேசும் பதினோரு பார்களுக்காகவே கில்பிரைட்டின் பெயர் இனி நிற்கும் என்றன. சாகப்போகிறவன் தன் ஊர் மழையை நினைத்து எழுதியது என்று ஒருவர். தாயிடம் விடைபெறுகிறான் என்று இன்னொருவர். சண்முகநாதன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தார். கூட வந்த சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கடைசி வரி: தென்காசி நண்பர்களுக்கு நன்றி.

பழைய 'குழுவினர்'தான். இங்கிலீஷில் போட்டிருந்தார்கள், அவ்வளவே.

அன்று சாயங்காலம் ஃபோனில் அதை ஓடவிட்டார். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வடிவாம்பாள் துருவலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, இது நம்ம கோடம்பாக்கத்துப் பாட்டுல்லா!"

"எது?"

"எதுவா? பத்து நாளா ராவும் பகலும் எங்கிட்ட வாசிச்சுக் காட்டி உசுர எடுத்தீங்க. அந்தப் படத்துக்கு."

அவளுக்கு மறக்காது. தொண்ணூற்றிரண்டில் ஒரு படம். கதாநாயகி பஸ் நிலையத்தில் மழையில் நின்று அழுகிற காட்சி. இங்கே ஒரு வயோலா தனியாக வரட்டும், சண்முகம், நீயே ஏதாவது பிடி என்றார் இசையமைப்பாளர். பத்து நாள் அவகாசத்தில் எட்டு பார் பிடித்தார் சண்முகநாதன். ரெக்கார்டிங்கில் ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் எழுந்து நின்று கும்பிட்டார். படம் வந்த முதல் நாள் வடிவாம்பாளுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்து தியேட்டருக்குக் கூட்டிப் போனார். அந்தக் காட்சி வந்தது. மழை வந்தது. பஸ் ஹாரன் வந்தது. வயோலா வரவில்லை. மழைச் சத்தத்தோடு மோதுகிறது என்று கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்களாம்.

"எட்டு பார் பழசு. மூணு பார் புதுசாச் சேத்தேன்" என்றார் இப்போது.

"அப்ப அது உங்களுது. அவன் பேரப் போட்டு விக்கிதாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"நேர்ல வருதாங்க. அப்ப சொல்லிக்கிடுதேன்."

நேரில் வருவதற்கு ஏற்பாடு செய்தவர் கணேசமூர்த்தி. பங்களா இப்போது 'கில்பிரைட் ஹெரிடேஜ் ரிசார்ட்' ஆகியிருந்தது. அயர்லாந்துக்காரன் செத்த அறைக்கு வாடகை அதிகம். இந்த ஜூலையில், சாரல் நன்றாகப் பிடித்து ஐந்தருவியில் கூட்டம் அலைமோதிய வாரத்தில், ஐந்து கலைஞர்களும் கார்வி அம்மாளும் வந்து இறங்கினார்கள். எந்த ஊரில் எழுதப்பட்டதோ அதே வீட்டில் வாசிக்கப் போகிறார்கள். கலெக்டர் வருகிறார். பத்திரிகைக்காரர்கள் மதுரையிலிருந்து வருகிறார்கள்.

கச்சேரிக்கு முந்தின நாள் காலையில் சண்முகநாதனும் வடிவாம்பாளும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். தென்காசி நண்பர் என்ற முறையில் ஒத்திகை பார்க்க அழைப்பு. மைதீனும் வந்திருந்தான். ஸ்டூலை கணேசமூர்த்தி அவனிடமிருந்து திரும்ப வாங்கி, பாலிஷ் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

"எடைக்குப் போட இருந்த சாமான் அண்ணாச்சி. ஏசி ரூம்ல கெடக்கு பாருங்க" என்றான் மைதீன்.

முன் மண்டபத்தில் ஐவரும் வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். சண்முகநாதன் அதை முழுசாக நேரில் கேட்பது அதுவே முதல் தடவை. இரண்டாம் பகுதி வந்தது. மற்ற மூவரும் வில்லை இறக்கினார்கள், பியானோக்காரி கையை மடியில் வைத்தாள். ஓவன் என்ற வயோலாக்காரன், செம்பட்டைத் தாடி, முப்பது வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அறுபத்திரண்டாவது பாரைத் தொட்டான்.

வடிவாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மைதீன்கூட ஃபோனைக் கீழே வைத்தான்.

முடிந்ததும் ஓவன் நேராக இவர்களிடம் வந்தான். இவர் வயோலா வாசித்தவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையைக் குலுக்கிவிட்டு இங்கிலீஷில் சொன்னான்:

"எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கில்பிரைட் பியானோக்காரர். முதல் பகுதியைப் பார்த்தால் வயோலாவை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பதினோரு பார் மட்டும் விரலுக்குள் தானாக வந்து உட்காருகிறது. முப்பது வருஷம் இந்த வாத்தியத்தோடு படுத்து எழுந்தவன்தான் இப்படி எழுத முடியும்."

கச்சேரி முடிந்த பிறகு, கார்வி அம்மாளைத் தனியே கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்வதாகத்தான் இருந்தார். வீட்டிலிருந்து வரும்போது வாக்கியங்களைக்கூடத் தயார் செய்திருந்தார். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் ஒருவன்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"முப்பத்தொண்ணு" என்றார் சண்முகநாதன். "முப்பத்தோரு வருஷம். அதை எழுதினது நான்."

ஓவன் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். பின்னால் நின்ற கார்வி அம்மாள் மெதுவாகத் திரும்பினாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கிராப்பு, கையில் பென்சில்.

"என்ன சொன்னீர்கள்?"

சண்முகநாதன் பையிலிருந்து பாலிதீன் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தலைப்பு, இரண்டு வரி, அதற்குக் கீழே சல்லடை. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டைகள் வழியாக அவள் முகம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"இரண்டாம் பகுதி முதல் எல்லாமே?"

"எல்லாமே. மற்ற இடங்களில் நாலு பேரை வைத்துக் கணக்குப் போட்டேன். இந்தப் பதினோரு பாருக்கு மட்டும் கணக்கு கிடையாது. அது நானே."

"ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொன்னால் வாசித்திருக்க மாட்டீர்கள்."

"மாட்டோம்" என்றாள் அவள். "சரியாகத்தான் நினைத்திருக்கிறீர்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். புத்தகம் அச்சாகிவிட்டது, ஒலித்தட்டு உலகம் பூராவும் போய்விட்டது, அந்தப் பதினோரு பாரைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"ஏங்க, என்னங்க சொல்லுதா அந்த அம்மா?" என்றாள் வடிவாம்பாள். "பாட்டு நல்லாருக்குன்னு சொல்லுதாளா?"

"நேத்து வரைக்கும் நல்லாருந்துச்சாம்."

செய்தி கணேசமூர்த்தியின் காதுக்கு எட்ட ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. வெள்ளைச் சட்டையில் சாரல் புள்ளிகளோடு ஓடி வந்தார்.

"சார், என்ன சார் இது? ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? கலெக்டர் வாராரு. அயர்லாந்து எம்பசில இருந்து லெட்டர் வந்திருக்கு. நீங்க எழுதினா என்ன, அவரு எழுதினா என்ன? கேக்கப் போறவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

"அதாம்லா பிரச்சினை" என்றார் சண்முகநாதன்.

"மேடம், நாம இதை அமுக்கிருவோம்" என்று கணேசமூர்த்தி கார்வி அம்மாள் பக்கம் திரும்பினார். "சார் தங்கமான மனுஷன். நான் பேசிக்கிடுதேன்."

அவர் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலையை ஆட்டிவிட்டாள். அமுக்க முடியாது. தெரிந்தபிறகு தெரியாதவள்போல் நடிக்க அவளால் முடியாது. அதற்காக அவளை வெறுக்கவும் முடியவில்லை சண்முகநாதனால். வெறுக்க முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மற்ற இடங்களை வாசிக்கலாம்" என்றாள் அவள். "ஊகித்து நிரப்பியது என்று குறிப்புப் போட்டு, சிறிய எழுத்தில் அச்சடிக்கலாம். அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்தப் பதினோரு பாருக்கு ஒரு ஆதாரமும் இல்லை. இது கில்பிரைட் இல்லை."

ஓவன் குறுக்கிட்டான். "மேவ், இது நல்ல சங்கீதம். யார் எழுதினால் என்ன?"

"நல்ல சங்கீதம்தான். ஆனால் நாம் வாசிக்க வந்தது கில்பிரைட்டை."

நேற்று வரை அந்தப் பதினோரு பாரில் சாகிறவனின் மூச்சு இருந்தது, தாயின் கண்ணீர் இருந்தது, கார்க் நகரத்து மழை இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில் எல்லாம் ஆவியாகிப் போயிற்று. ஒரு சுரம் மாறவில்லை, ஒரு வில் வீச்சு மாறவில்லை. எழுதினவன் செத்துப்போகாமல் தென்காசியில் ரேஷன் கார்டோடு இருக்கிறான் என்பது ஒன்றுதான் மாறியது.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நாளைக்கு மட்டும் வாசியுங்கள். என் பெயரைச் சொல்லி. ஒரு தடவை."

கார்வி அம்மாள் பாலிதீன் உறையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பதில் சொன்னபோது அவர் கண்களைப் பார்க்கவில்லை. "நிகழ்ச்சி அவருடையது. மன்னிக்க வேண்டும்."

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. கலெக்டர் முன்வரிசையில். சண்முகநாதனுக்கு நான்காவது வரிசை. இரண்டாவது வரிசையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மாறியிருந்தது. வர மாட்டேன் என்றுதான் இருந்தார். வடிவாம்பாள்தான் இழுத்து வந்தாள், தொண்ணூற்றிரண்டில் கட்டிய அதே புடவையைக் கட்டிக்கொண்டு.

"எதுக்குட்டி இந்தப் புடவை?"

"பெட்டில மேலாக் கெடந்துச்சு" என்றாள் அவள்.

கார்வி அம்மாள் எழுந்து பேசினாள். ஒரு பகுதி காலத்தால் அழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக முன்பு வாசிக்கப்பட்டது பின்னால் வந்த ஒரு பிரதியாளரின் இடைச்செருகல் என்று தெரியவந்திருக்கிறது. கில்பிரைட்டின் நினைவுக்கு மரியாதையாக அந்த இடத்தை இன்று மௌனமாக விடுகிறோம். கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார். பிரதியாளர் என்ற வார்த்தை வாயில் வராமல், "யாரோ இடையில சேத்துட்டாங்க" என்றார்.

முதல் பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதி ஆரம்பித்தது. அறுபத்தொன்றாவது பாரின் கடைசித் தட்டில் நால்வரும் நிறுத்தினார்கள். ஓவனும் வில்லை இறக்கினான். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சண்முகநாதன் முழங்கால்மேல் விரலால், பாருக்கு மூன்று தட்டாக, எண்ணத் தொடங்கினார். ஒன்று இரண்டு மூன்று. இரண்டு இரண்டு மூன்று. மூன்று இரண்டு மூன்று. ஓடு வேய்ந்த கூரைமேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் அருவி இரைந்தது. ரோட்டில் ஒரு சுற்றுலா பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

மழை. பஸ் ஹாரன். அப்படியே, அச்சு அசலாக!

பக்கத்தில் வடிவாம்பாள் அவர் கையைப் பிடிக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டாந் தடவையும் வெட்டிட்டானுவ."

பதினொன்று இரண்டு மூன்று. எழுபத்துமூன்றாவது பாரில் வில்கள் எழுந்தன. யாரும் பிசகவில்லை.

முடிந்ததும் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. கலெக்டர் கணேசமூர்த்தியிடம், "அந்த சைலன்ஸ்தான் ஹைலைட். புல்லரிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார். கணேசமூர்த்தி அந்தப் புகழையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மைதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, காதத் தீட்டி வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க பாட்டு எப்ப வந்துச்சு?"

"வந்துட்டுப் போச்சு."

"எனக்குக் கேக்கலயே."

"அப்படித்தாம்லே அதை எழுதியிருக்கு."

கார்வி அம்மாள் ஒரு தாளோடு வந்தாள். பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய வாக்குமூலம். காலையிலேயே டைப் அடித்து வைத்திருந்தாள். கீழே கையொப்பமிட்டிருக்கும் தென்காசி சண்முகநாதன் ஆகிய நான், இரண்டாம் பகுதியில் கீழ்க்கண்ட பார்கள் கில்பிரைட் எழுதியவை அல்ல, நானே எழுதிச் சேர்த்தவை என்று உறுதி கூறுகிறேன். அடுத்த பதிப்பில் இது முன்னுரையோடு அச்சாகும் என்றாள்.

"என் பெயரோடா?"

"ஆமாம். முழுப் பெயரோடு."

முப்பத்தோரு வருஷம், இருநூறு முந்நூறு படம், இந்த மூன்று வருஷம். கடைசியில் அவர் பெயர் அச்சில் வருகிறது, அவர் எழுதியதை நீக்குவதற்காக.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நடுவில் நின்றார். பேனாவைக் கேட்டு வாங்கினார். நீக்கப்படும் பார்கள் அறுபத்தொன்று முதல் எழுபத்தொன்று வரை என்று அடித்திருந்தது. ஒரு பார் தவறிவிட்டது. இப்படியே போனால் கில்பிரைட்டின் நல்ல பார் ஒன்று வெட்டுப்பட்டு, இவருடையது ஒன்று வாலாக மிஞ்சியிருக்கும்.

ஒரு விநாடி அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. கேட்பவர்களுக்கு என்ன தெரியப் போகிறது?

பழக்கம் விடவில்லை. அறுபத்தொன்றை ஒரே கோட்டில் அடித்து மேலே அறுபத்திரண்டு என்று எழுதினார். எழுபத்தொன்றை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதினார். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக விழுந்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

"எண் தப்பாக இருந்தது, திருத்தியிருக்கிறேன்" என்றார். "திருத்தியது நான்தான். இந்தத் தடவை அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்."